மாப்பிள்ளையும் சலவை வண்டியும்

அந்த மனிதர் கன்னத்தை என் கடை மேசையோடு ஒட்டிவைத்து, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறு கண்ணால் ஒரு பொம்மைக் காரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு போர்வீரன் நிற்கிறான். காற்றுப் பட்டு வீரன் சாய்ந்துவிடக் கூடாதே என்று மூச்சையும் பிடித்து வைத்திருக்கிறார். நாற்காலி பார்க்க வந்த ஒரு அம்மாள் பதறிப்போய், "ஐயையோ, அவருக்கு மயக்கம் வந்துடுச்சு போல, தண்ணி குடுங்க!" என்று கத்தினார். "மயக்கமெல்லாம் இல்லம்மா, பொருத்தம் பாக்குறார்" என்றேன். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்காலியே வேண்டாம் என்று போய்விட்டார்.

"ஒட்டல" என்று எழுந்தார் அவர், கன்னத்துத் தூசியைத் தட்டியபடி. "கதவே இவனோட தொடை வரைக்கும்தான் வருது. இதுல ஏறணும்னா மாப்பிள்ள தவழ்ந்துதான் போகணும்."

மாப்பிள்ளை என்பது அந்தப் போர்வீரன். அவருடைய சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான். எந்தக் கடையில் எந்தப் பொம்மை வண்டியைப் பார்த்தாலும் முதலில் பையிலிருந்து இவன் இறங்குவான். வண்டியின் கதவோரமாக நிற்பான். பொருந்தினால் வண்டி வீட்டுக்குப் போகும். பொருந்தாவிட்டால் இவன் பைக்குத் திரும்புவான். இப்படிப் போய்ப்போய் வந்ததில் சட்டைச் சாயம் போய், துப்பாக்கி முனை ஒடிந்து, மூக்கும் மழுங்கிவிட்டது. "எத்தன இடம் பாத்தாச்சு, இன்னும் உங்க மாப்பிள்ளைக்கு ஒண்ணும் அமையலையா சார்?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "அவன் கல்யாணம் பண்ணிக்கப் பொறந்தவன் இல்ல கடைக்காரம்மா, பொண்ணு பாக்கவே பொறந்தவன்" என்பார். மாப்பிள்ளை எந்தப் போரிலும் இறங்கியதில்லை. அவன் அளவுக்கு மட்டும்தான், ஆட்டத்துக்கு இல்லை.

என்னுடையது பழைய சாமான் கடை. ஊரார் வேண்டாம் என்பதுதான் என் சரக்கு. மாடிப்படிக்குக் கீழே ஒரு மரப்பெட்டியில் பழைய பொம்மைகளைப் போட்டுவைப்பேன். சக்கரம் போன கார், கதவு போன லாரி, ஏணி போன தீயணைப்பு வண்டி என்று எல்லாம் கிடக்கும். வாரம் தவறாமல் வந்து அந்தப் பெட்டியைக் கிளறுகிற ஒரே பெரிய மனிதர் இவர்தான்.

தொழிலில் அவர் பல்செட்டுக்காரர். எங்கள் வீதிக் கோடியில் உள்ள பல் மருத்துவமனையின் பின்னறையில், ஜன்னலோரமாக அவருக்கு ஒரு மேசை. அதன்மேல் ஊர்க்காரர்களின் வாயெல்லாம் சுண்ணாம்பு அச்சுகளாகத் திறந்தபடி வரிசையில் நிற்கும். டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், இவர் பல் வைத்து அனுப்புவார். இந்தப் பக்கத்தில் நன்றாகச் சிரிக்கிற வயதானவர்களில் பாதிப் பேர் சிரிப்பது இவருடைய கைச் சிரிப்புதான். பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். "என்ன சார், என் பல்லையும் பொருத்தம் பாக்குறீங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "உங்களுது இன்னும் கொஞ்ச காலம் தாங்கும்மா, அப்புறம் வாங்க" என்றார் சர்வசாதாரணமாக. அன்று முழுக்க நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே வியாபாரம் பார்த்தேன்.

புதுப் பல்செட்டு வாங்குகிறவர்கள் எல்லாரும் மறுநாளே ஒரே புகாரோடு வருவார்களாம். பெரிசா இருக்கு, என் சொந்தப் பல்லு இவ்வளவு பெரிசா இருந்ததே இல்ல என்று. எல்லாருக்கும் இவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "வாய் ஞாபகத்த நம்பாதீங்க, அச்ச நம்புங்க. ஞாபகத்துக்கு அளவு தெரியாது." இந்த வாசகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்து நான் அவரைப் பின்னால் ஒருநாள் மடக்கினேன், மடக்கியதற்காகக் கொஞ்சம் வருத்தமும் பட்டேன்.

அவருடைய ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேசைமேல் ஒரு ஊரையே சின்னதாகச் செய்து வைத்துக்கொள்வார்கள். வீடு, சுவர், மரம், கார் எல்லாம் இருக்கும். அதற்குள் கட்டைவிரல் உயர வீரர்களை இரண்டு அணியாக நிறுத்தி, நாடாவால் தூரம் அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். ஞாயிறு மதியம் அவருக்கு எதிரணி ஒரு தபால்காரர். இரண்டு பேரும் தலை நரைத்தவர்கள். "நீ சுட்டது சுவர்ல பட்டுச்சு", "எங்க பட்டுச்சு, என் ஆளுக்கு உன் ஆளு தெரியுறான் பாரு" என்று இவர்கள் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஒருமுறை சமாதானம் செய்துவைக்க ஓடிவந்தார்களாம். "சாப்பாட்டு மேசையில போர் நடக்குது, நாங்க மடியில தட்டு வெச்சுச் சாப்பிடுறோம். எல்லார் வீட்லயும் பொம்மைய எடுத்து வெச்சாத்தான் பிள்ளைங்க சாப்பிடும், எங்க வீட்ல புருஷன்" என்பார் அவர் மனைவி. சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

ஆட்டத்துக்கு வீரர்கள் விலைக்குக் கிடைக்கிறார்கள். வண்டிகளைத்தான் பொம்மைக் கடையில் தேட வேண்டும். அங்கேதான் வம்பு. பொம்மைக் காரின் அடியில், உண்மைக் காரில் எத்தனையில் ஒரு பங்கு என்று எண் போட்டிருக்கும். தபால்காரர் அந்த எண்ணை வேதவாக்காக நம்பி, ஒரு பெட்டி நிறைய வண்டிகளைத் தபாலிலேயே வரவழைத்தார். பிரித்துப் பார்த்தால் பஸ்ஸும் காரும் ஒரே நீளம்! பொம்மை செய்கிறவர்கள் வண்டிக்காகப் பெட்டி செய்வதில்லை, பெட்டிக்காக வண்டி செய்கிறார்கள். எல்லாம் ஒரே அட்டைப்பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பஸ்ஸைச் சுருக்கி, குட்டிக் காரை ஊதிவிடுகிறார்கள். "இதுல ஆள் பஸ்ஸுல ஏற முடியாது தம்பி, பஸ்தான் ஆள் மேல ஏறணும்" என்று பல்செட்டுக்காரர் சொல்ல, தபால்காரர் அன்றைக்குப் போரிலும் தோற்றார்.

அதனால் இவர் எண்ணைப் படிப்பதே இல்லை. மாப்பிள்ளை கதவுப் பக்கம் நின்றால் கைப்பிடி அவன் இடுப்புக்கு வர வேண்டும், கூரை அவன் கண்ணுக்கோ நெற்றிக்கோ வர வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம். வீரர்கள் விழாமல் நிற்க, காலடியில் ஒரு வட்டத் தகடு ஒட்டியிருக்கும். கைக்கடக்கமாக இருக்கட்டும் என்று தகட்டைக் கழற்றிவிட்டு அளந்தால் கெட்டது குடி. களத்தில் தகட்டோடு நிற்கும்போது எல்லாரும் ஒரு தலை உயர்ந்துவிடுவார்கள், கார் எல்லாம் குள்ளமாகிவிடும். "மாப்பிள்ளைய எப்பவும் செருப்போட நிக்க வெச்சுத்தான் பாக்கணும்" என்பார். நிறத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. "நிறத்தப் பூசிக்கலாம், அளவப் பூச முடியுமா?"

அளவு விஷயத்தில் தாட்சண்யமே பார்க்க மாட்டார். ஒருநாள் என்னிடம் ஒரு பை நிறையப் பழைய ஈய வீரர்கள் வந்தார்கள். பழைய காலத்துச் சரக்கு, பொடிசு. மாப்பிள்ளையின் இடுப்புக்குத்தான் வருவார்கள். அவர் ஒவ்வொருவரையும் உள்ளங்கையில் எடுத்து வைத்து, முகம் கனிந்து, "இவங்க எங்க காலத்து ஆளுங்கம்மா. சின்ன வயசுல நாங்க இவங்கள வெச்சுத்தான் ஆடுவோம்" என்றார். நல்ல விலைக்குப் போகும் என்று நான் சந்தோஷப்படுவதற்குள் பையைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஆனா என் தெருவுல இவங்களுக்கு இடமில்ல. ஒட்ட மாட்டாங்க."

தெரு என்று அவர் சொன்னது அவர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறது. என் கடையில் வாங்கிய ஒரு பழைய கதவை மேசைபோல் படுக்கவைத்து, அதன்மேல் தான் பிறந்து வளர்ந்த தெருவைச் செய்து வைத்திருக்கிறார். அந்தத் தெரு இப்போது கிடையாது. இடித்து அகலச் சாலை போட்டுவிட்டார்கள். அவர் வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு போக்குவரத்து விளக்கு நிற்கிறது. சிவப்பு விழுந்தால் அவருக்குக் கோபமே வராதாம். "நம்ம வீட்டு வாசல்லதான நிக்குறோம்" என்பார்.

சுவர்கள் எல்லாம் பல் அச்சுக்கு ஊற்றுகிற அதே வெள்ளைக் கலவை. தேய்ந்துபோன துளைக்கருவி முனைகள் தெருவிளக்குக் கம்பங்கள். ஓடுகள், பல்செட்டில் ஈறுக்கு வைக்கிற பொருளில் மிஞ்சியது. அதனால் தெரு முழுக்க ஈறு நிறத்தில் கூரை. மூலையில் கண்ணாடிக் கடை, அதன் பக்கத்தில் நடுப்படி உடைந்த மாடிவீடு, குழாயடி, எதிரே தச்சுப் பட்டறை. வழி நெடுக மாப்பிள்ளை பார்த்துச் சம்மதித்த கார்கள். எல்லாம் கச்சிதம். ஒரே ஒரு வீட்டு வாசல் மட்டும் காலி. அங்கே தரையில் எண்ணெய் சொட்டிய கறையைக்கூடத் தீட்டி வைத்திருக்கிறார். எண்ணெய் சொட்டுகிற வண்டியைத்தான் காணோம்.

அது அவருடைய அப்பாவின் வண்டி. அப்பா சலவை நிலையத்தில் ஓட்டுநர். ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் அழுக்குத் துணியை எடுத்துப் போய், வெளுத்து மடித்த துணியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. மூக்கு உருண்ட வண்டி. பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற கதவு. மேலே வெண்ணெய் நிறம், கீழே பச்சை. பள்ளி விட்டதும் அப்பா, இவரையும் இவருடைய அக்காவையும் பின்னால் ஏற்றிக்கொள்வார். வெளுத்த துணி மூட்டைகள்தான் இவர்களுடைய முதல் போர்க்களம். போர்வை மூட்டை மலை, துண்டு மூட்டை கோட்டை, தலையணை உறையெல்லாம் பனி. வண்டி வளைவில் திரும்பினால் நிலநடுக்கம், இரண்டு சேனையும் சரிந்துவிடும். "இஸ்திரிச் சூடு ஆறாம இருக்கும்மா அந்தத் துணியெல்லாம். இப்பவும் எங்கயாவது துணி தேய்க்கிற வாசன வந்தா நான் ஒரு நிமிஷம் நின்னுடுவேன்" என்று சொன்னபோது, அவர் முதல்முறையாக என் வாயைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துப் பேசினார்.

அந்த மூட்டைகள்மேல் அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு பேச்சு இருந்தது. பெரியவர்களானதும் நம் தெருவையே பொம்மையாகச் செய்து அதில் ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்று. அக்கா சீருடை தைத்துப் பிழைத்து, பெண்ணைக் கட்டிக்கொடுத்து, முழங்கால் தேய்ந்து உட்கார்ந்துவிட்டார். தம்பி தெருவைச் செய்து முடித்துவிட்டார். ஆனாலும் அக்காவுக்குக் காட்டவில்லை. அக்கா வீட்டுக்கு வந்தால் பின்னறைத் தெருவின்மேல் ஒரு போர்வை விழுந்துவிடும். "எனக்குக் காட்டுறீங்க, கூடப் பொறந்தவங்களுக்குக் காட்ட மாட்டீங்களா?" என்று கேட்டேன். "வண்டி வரட்டும்" என்றார். எப்போது கேட்டாலும் அதேதான். தபால்காரர் கேட்டாலும், மனைவி கேட்டாலும், வண்டி வரட்டும்.

இதற்கிடையில் அக்கா போகிற செய்தி வந்தது. பெண் இருக்கிற தேசத்துக்கே ஒரேயடியாகப் போகிறார். விமானத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அதன்பிறகு பல்செட்டுக்காரர் வாரம் ஒருமுறை வந்தவர் தினமும் வர ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்பில்லை. எங்கிருந்தோ ஒரு பெரிய பொம்மை வேனைப் பிடித்துக்கொண்டு வந்து, "இது, இதுதாம்மா அப்பா வண்டி!" என்று குதித்தார். மேசையில் வைத்து மாப்பிள்ளையை இறக்கினால், கைப்பிடி அவன் தலைக்கு மேலே இருந்தது. ஏறுவதற்கு ஏணி வேண்டும். அவர் கன்னத்தை மேசையில் வைத்தபடி வெகுநேரம் எழவே இல்லை. அந்த வேனை என் பெட்டியிலேயே போட்டுவிட்டுப் போனார்.

என் அதிர்ஷ்டமோ அவர் அதிர்ஷ்டமோ, ஒரு வீட்டைக் காலி செய்த சாமான்களோடு சரியான வண்டி வந்து சேர்ந்தது. சிவப்பு நிறம், ஆனால் உருண்ட மூக்கு, இழுப்புக் கதவு. அவர் சொல்லிச் சொல்லி எனக்கும் அந்த வண்டி மனப்பாடம். ஆள் அனுப்பினேன். கையில் ஈரக் கலவையோடே ஓடிவந்தார். மாப்பிள்ளை இறங்கினான். கைப்பிடி இடுப்புக்கு வந்தது. ஜன்னல் தோளுக்கு வந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். பத்துப் பொருத்தமும் பழுதில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

"சின்னதா இருக்கு" என்றார்.

"எது சின்னது? நல்லாப் பாருங்க சார்!"

"அளவெல்லாம் சரி. ஆனா இது இல்ல. எங்கப்பா வண்டி பெரிசும்மா. சக்கரமே என் நெஞ்சு வரைக்கும் வரும். கதவுக் கைப்பிடிய நான் தொடணும்னா எங்கக்கா என்னத் தூக்கிவிடணும். இது... இது ஏதோ வேற வண்டி."

எனக்கு வந்ததே கோபம்! "ஞாபகத்துக்கு அளவு தெரியாது, அச்ச நம்புங்கன்னு ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றீங்களே, உங்களுக்கு மட்டும் அது கிடையாதா? உங்க அக்கா போற நாள் நெருங்கிடுச்சு. அவங்க விமானம் ஏறின பிறகு யாருக்கு சார் காட்டப் போறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் மாப்பிள்ளையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், அதுவும் தலைகீழாக. படி இறங்கிப் போனார். நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோசனம்? சொன்னது சொன்னதுதான். வண்டியை மட்டும் பெட்டியில் போட மனமில்லாமல் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

இரண்டொரு நாளில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஊரைவிட்டுப் போகிறோம், சாமான்களை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. போய்ப் பார்த்தால் அவருடைய அக்கா! தம்பியின் அதே நெற்றி. ஆனால் இவர் நம் வாயைப் பார்க்கவில்லை, நேராகக் கண்ணைப் பார்த்தார். அலமாரி, கட்டில், தையல் இயந்திரம் எல்லாவற்றையும் பேரமே பேசாமல் தள்ளிவிட்டார். ஒரு பொத்தான் டப்பாவை மட்டும் தொடவிடவில்லை. "இது என்கூட வருது" என்று மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்கதான அந்தப் பொம்மைக் கடைக்காரம்மா? என் தம்பி உங்களப் பத்தித்தான் பேசுவான். அந்தத் தெரு முடிஞ்சுதா, முடியலையா? உண்மையச் சொல்லுங்க."

முடிந்துவிட்டது என்றேன். வண்டி கிடைத்ததையும் சொன்னேன். அவர் வேண்டாம் என்றதையும், சக்கரம் நெஞ்சு வரைக்கும் வரும் என்று சொன்னதையும் சொன்னேன். அக்கா முதலில் சிரித்தார். நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார். "பைத்தியக்காரன். வருஷக்கணக்கா இதுக்குத்தான் எனக்குப் போர்வையக் காட்டிக்கிட்டு இருந்தானா?" மடியிலிருந்த பொத்தான் டப்பாவைத் திறந்து விரலால் துழாவினார். "அந்த வண்டிய எடுத்துட்டு ஞாயித்துக்கிழம என்கூட வாங்க. அவன்கிட்ட மூச்சு விடாதீங்க."

ஞாயிறு மதியம் பல்செட்டுக்காரரின் மனைவிதான் கதவைத் திறந்தார். "வாங்க அண்ணி! சொல்லியிருந்தா நாங்களே வந்து கூட்டிட்டு வந்திருப்போமே. தபால்காரரக்கூட இன்னைக்கு வர வேண்டாம்னுட்டார். காலையிலேருந்து பின்னறையிலயே உக்காந்திருக்கார், பேச்சே இல்ல." அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நேரே பின்னறைக்கு நடந்தார். காலடிச் சத்தம் கேட்டு அவர் அவசரமாகப் போர்வையை விரித்துவிட்டு, இரண்டு கையையும் அகல வைத்து வழிமறித்து நின்றார்.

"அக்கா, இன்னும் முடியலக்கா. வண்டி வரட்டும்."

"வண்டி வந்தாச்சு. நகருடா."

அந்த ஒரு ‘டா’வுக்கு அவர் நகர்ந்துவிட்டார். அக்கா போர்வையை உருவினார்.

அக்கா மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரல் படாமல் கையைக் காற்றிலேயே நகர்த்திக்கொண்டு போனார். கண்ணாடிக் கடை. குழாயடி. தச்சுப் பட்டறை. மாடிவீட்டுக்கு வந்ததும் நின்றார். "டேய்... நடுப்படி உடைஞ்சதக்கூட விடலையாடா நீ? அதுல விழுந்துதான என் முன்பல்லு போச்சு!" தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அழட்டும் என்று நானும் அவர் மனைவியும் சும்மா இருந்தோம்.

அக்கா என் பக்கம் கையை நீட்டினார். நான் வண்டியைக் கொடுத்தேன். அதை எண்ணெய்க் கறையின்மேல், வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"சின்னதுக்கா" என்றார் தம்பி, மெதுவாக.

"இரு." அக்கா புடவை முடிச்சை அவிழ்த்து, பொத்தான் டப்பாவிலிருந்து கொண்டுவந்ததை எடுத்தார். பழைய ஈய வீரன். அந்தக் காலத்துப் பொடிசு, மூட்டை மலைகளில் உருண்டு விழுந்த சேனையில் மிஞ்சிய ஒரே ஆள். அவனைக் கொண்டுபோய் வண்டியின் இழுப்புக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அளவு தப்பான ஆள் தெருவுக்குள் வந்ததைப் பார்த்ததும், பழக்கதோஷம், தம்பியின் கை அவனை அப்புறப்படுத்த நீண்டது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது நீ. அப்ப நீ இவ்வளவுதான்டா இருந்த. இப்பக் குனிஞ்சு பாரு."

அவர் குனிந்தார். கன்னத்தைத் தெருவோடு ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். சக்கரம் அந்தப் பொடியன் நெஞ்சு வரைக்கும் வந்தது. கைப்பிடி அவன் தலைக்கு மேலே இருந்தது, யாராவது தூக்கிவிட்டால்தான் எட்டும். வண்டி இப்போது ஒரு வீடு போல நின்றது. அவர் எழுந்திருக்கவே இல்லை. அக்கா அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ‘ஒட்டல’ என்ற வார்த்தை வருமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன், வரவில்லை.

கடைசியில் நிமிர்ந்தார். கன்னமெல்லாம் தெருத் தூசி ஈரத்தில் அப்பியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. சட்டைப் பைக்குள் விரலை விட்டு மாப்பிள்ளையை எடுத்தார். சாயம் போன சட்டையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். வண்டியைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய், ஓட்டுநர் பக்கத்துக் கதவோரமாக, அப்பா நிற்கிற இடத்தில், பொடியனைப் பார்த்தாற்போல் அவனை நிறுத்தினார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.